முப்பத்தோராவது செங்கல்

"வந்துட்டான் பாருங்க, இன்னிக்கும்!" என்றேன் என் வீட்டுக்காரர் கிரேமிடம்.

எதிர்வீட்டு வாசலில் பெயின்டர் ஷேனின் வேன். சனிக்கிழமை பத்து மணி ஆனால் டாண் என்று வந்து நிற்கும்.

எதிர்வீட்டு நெவில் தன் செங்கல் வீட்டுக்கு வெளியே பெயின்ட் அடிக்கலாமா, வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. ஆஸ்திரேலியாவில், எங்கள் நியூகாசில் தெருவில் பாதி வீடு வெள்ளையாகிவிட்டது. எல்லாம் நாலு நாள் வேலை. இவருக்கு மட்டும் வாரம் ஒரு கலர்.

வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் கொல்லையில் கிடக்கிறது. அதில் ஒன்றுக்கு ஷேன் பெயின்ட் அடித்து வேலியோரம் வைப்பான். அப்புறம் இரண்டு பேரும் புல்தரையில் நாற்காலி போட்டு, டீயும் இஞ்சி பிஸ்கட்டுமாக, சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெயிலில் ஒரு மாதிரி தெரியுமாம், நிழலில் வேற மாதிரி தெரியுமாம்!

இன்றைக்கு முப்பத்தோராவது செங்கல்.

"வீட்டையே எழுதி வாங்கப்போறான், பாத்துட்டே இருங்க. நெவிலுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பொண்டாட்டி ஜாய்ஸும் போய்ச் சேர்ந்துட்டா. மோப்பம் பிடிச்சுட்டான்."

"உனக்கெதுக்கு ஊர் வம்பு?" கிரேம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஊர் வம்பா? சாகுறதுக்கு முன்னாடி 'நெவிலைப் பாத்துக்கோ பெவ்'னு ஜாய்ஸ் கையைப் பிடிச்சுச் சொன்னது உங்ககிட்டயா, என்கிட்டயா?"

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

"யோவ் நெவ், கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருய்யா. இது வெள்ளை!" என்று ஷேன் கத்திக்கொண்டிருந்தான்.

"புளிச்ச பால் மாதிரி இருக்கு. பேரு என்ன போட்டிருக்கு?"

"காலைப் பனி."

"எந்த ஊர்லடா பனி மஞ்சளா பெய்யுது?"

என்னைப் பார்த்ததும் நெவில் எழுந்தார். "வா பெவ். உனக்கும் சேர்த்து டீ போடுறேன்" என்று உள்ளே போனார். எனக்கு அதுதான் வேண்டும்.

"ஷேன், நேராவே கேக்குறேன். ஒரு வீட்டுக்குக் கலர் பாக்க ஏழு மாசமா? உன் திட்டம்தான் என்ன?"

அவன் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இந்த வீட்டுக்குப் பெயின்டே தேவையில்லை பெவ். அருமையான செங்கல். ஒரு தடவை அடிச்சுட்டா அப்புறம் உரிக்கவும் முடியாது, காலம் பூரா அடிச்சுக்கிட்டே இருக்கணும். முதல் நாளே சொல்ல வாயெடுத்தேன்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு, ராத்திரி போட்ட பைஜாமாவோட வந்து கதவைத் திறந்தார். ஒரு வாரத் தாடி. ஃப்ரிட்ஜுல கெட்டுப்போன பாலைத் தவிர ஒண்ணுமில்லை. எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. 'சனிக்கிழமை ஒரு கலர் கொண்டுவந்து காட்டுறேன்'னு சும்மா சொல்லிவெச்சேன். வந்து பாத்தா, ஷேவ் பண்ணி, சட்டையை இஸ்திரி போட்டு, வாசல்ல உக்காந்திருக்கார்! அப்புறம் எப்படி நிறுத்துறது? ஒரு காசு வாங்கலை பெவ். வர்ற வழியில சாசேஜ் ரோல் வாங்கிட்டு வருவேன், ரெண்டு பேரும் சாப்பிடுவோம். அவ்வளவுதான்."

அப்பாடா! ஏழு மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. கூடவே வெட்கமும் பிடுங்கித் தின்றது. எதிர்வீட்டில் இருந்துகொண்டு வேனை மட்டும்தான் நான் எண்ணியிருக்கிறேன். அந்த ஃப்ரிட்ஜை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

"நீ நல்லா இருப்பே" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, டீயைத் தூக்க ஒத்தாசையாக உள்ளே போனேன்.

நெவில் கெட்டிலோடு முறைத்தார். "என்ன, அவனைப் போட்டுக் காய்ச்சுனியா?"

"சேச்சே! சும்மா கேட்டேன். நீங்க அவசரமே படாதீங்க நெவில். பொறுமையா முடிவு பண்ணுங்க. இன்னும் நூறு கலர் இருக்கு" என்று நானும் ஷேனுக்கு ஒத்து ஊதினேன்.

"என்ன முடிவு? பெயின்ட் கிடையாதுன்னு ரெண்டாவது வாரமே முடிவு பண்ணியாச்சு. ஜாய்ஸ் பாத்துப் பாத்து எடுத்த செங்கல். அதுமேல எவனைக் கைவைக்க விடுவேன்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்போ எதுக்கு வாரா வாரம் இந்தக் கூத்து?"

"ஷேனோட பொண்டாட்டி பிள்ளைங்களைக் கூட்டிட்டு, நாட்டோட அந்தக் கோடியில பெர்த்துக்குப் போயிட்டா. இவன் குடியை விட்டு எட்டு மாசம்தான் ஆகுது. சனிக்கிழமை மத்தியானம்னா கை நடுங்குது, நான் பாத்திருக்கேன். இங்க வேலை இல்லைன்னா நேரா மூலையில இருக்கிற பாருக்குத்தான் போவான்."

"நெவில், நீங்க..."

"ஷ்! மெதுவாப் பேசு பெவ், அவன் காதுல விழுந்துடப் போகுது. பாவம், இந்த வீட்டுக்கு நான் பெயின்ட் அடிக்கப்போறேன்னு நிஜமாவே நம்பிட்டிருக்கான்!"