பெர்த்தின் பெயரால்

ஜன்னல் வழியே வரும் வெயில் மேசைமேல் இருக்கும் தேநீர்க் கோப்பைகளைத் தொடுகிறது. இரண்டையும் யாரும் குடிக்கவில்லை. வெளியே குழாயடியில் இளஞ்சிவப்புக் கிளிகள் சண்டை போடுகின்றன. தலைமையாசிரியை ரோவீனாவுக்கு எதிரே, பன்னிரண்டு வருடமாக இந்தப் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் க்ளெனிஸ் அமர்ந்திருக்கிறாள். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கடிதம் தொங்குகிறது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதை இனிமேல் பள்ளியே முடிவு செய்யலாம் என்று போன மாதம் வந்த கடிதம். அதுவரை இங்கே கெட்ட செய்தி எதுவானாலும் பழி பெர்த்திலுள்ள கல்வித் துறைத் தலைமை அலுவலகத்தின் தலையில்தான் விழும்.

"அடுத்த வருஷம் நூலகத்துக்கு ஆள் இல்ல, க்ளெனிஸ். அந்த இடத்துல ஒரு கணக்கு டீச்சரைப் போடறோம்."

க்ளெனிஸ் கோப்பையின் காதை மெதுவாகத் தன் பக்கம் திருப்புகிறாள்.

"யாரு முடிவு பண்ணினது?"

"பெர்த்துல..." என்று பழக்கத்தில் தொடங்கிய ரோவீனா நிறுத்திக்கொள்கிறாள். கிளிகள் ஒரே சமயத்தில் எழும்பிப் பறக்கின்றன. க்ளெனிஸ் சுவரிலிருக்கும் கடிதத்தைப் பார்க்கிறாள்.

"அந்த லெட்டர் வந்தன்னிக்கு எல்லாருக்கும் கேக் வெட்டிக் குடுத்தது நான்தான், ரோவீனா."