பெரிய தட்டின் பெயர்

தம்பி தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தவாறு மூலை மேசையில் அமர்ந்தார். "நாம யாருன்னு இவங்களுக்குத் தெரியக்கூடாதுண்ணே. நீங்களே ஆர்டர் குடுத்துடுங்க" என்று கிசுகிசுத்தார்.

அண்ணன் தலையசைத்தார். அவருடைய உணவகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிப் புதிதாகத் திறந்திருந்த உணவகம் அது. அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் இங்கே இடம்பெயர்ந்துவிட்டனர்.

சூப் வந்தது. ஒரு வாய் சுவைத்ததும் அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சுட்ட பூசணியில் கருக்கிய ஆரஞ்சுத் தோல். அவரே கண்டுபிடித்த பக்குவம். அது அவரையும் தம்பியையும் தலைமைச் சமையற்காரரையும் தவிர வேறொருவருக்கும் தெரியாது.

"நான் சொன்னப்போ யோசிச்சீங்களே, இப்போ நாக்கே சொல்லுதா?" என்றார் தம்பி, குரலை மேலும் தாழ்த்தி.

சமையற்காரர்தான் பக்குவங்களை இந்தக் கடைக்கு விற்றுவிட்டார் என்ற தம்பியின் பேச்சைக் கேட்டு, அன்று காலைதான் அண்ணன் அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். கடை திறந்த நாள்முதல் உடனிருந்த மனிதர், ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

இனி அடுப்படியில் 'ஆன்ட்ரே' என்ற சொல்லுக்கான சண்டையாவது இராது என்று அண்ணன் கசப்புடன் எண்ணிக்கொண்டார். சமையற்காரர் முன்பு வேலைபார்த்த நாட்டில் அது பசியைக் கிளப்பும் முதல் சிறு தட்டின் பெயர். தம்பி சமையற்கலை படித்த நாட்டிலோ, வயிற்றை நிரப்பும் பெரிய தட்டின் பெயர். இருவரும் முட்டிக்கொள்ளாத நாளில்லை. கடைசியில் சமையற்காரர் சொன்னதையே அண்ணன் கடையின் வழக்கமாக்கினார். தம்பி ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார்.

பரிமாறுபவர் வந்து காலிக் கிண்ணங்களை எடுத்தார். "சார், ஆன்ட்ரே கொண்டு வரட்டுமா?"

அண்ணன் நிமிர்ந்தார். "அது முதல்ல வர்ற சின்னத் தட்டு இல்லையா?"

"நாங்களும் அப்படித்தான் சார் சொல்லிட்டிருந்தோம். முதலாளி விடலையே. பெரிய தட்டுக்குத்தான் அந்தப் பேரு, என் கடையிலயாவது அதைச் சரியாச் சொல்லுங்கன்னு ஒரே பிடிவாதம்."

தம்பி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த கை முகத்திலேயே நின்றது. அண்ணன் அந்தத் தொப்பியைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"தொப்பியைக் கழட்டுடா, உன் ஆளுங்க உனக்கு வணக்கம் சொல்லட்டும்."