நண்டு கேட்ட கேள்வி

மீன் கடையில் கோமாளி மீனை வேறு தொட்டிக்கு மாற்றும் நாள் வந்தது. எந்தத் தொட்டிக்குப் போவது என்று அது சங்கு நண்டிடம் யோசனை கேட்டது. நண்டு இதுவரை நான்கு சங்கு மாறியிருந்தது. வீடு பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அதன் எண்ணம்.

எதிரே கடல்நீர் நிரப்பிய இரண்டு புதுப் பவளத் தொட்டிகள் இருந்தன. இரண்டிலும் விளக்கு, மோட்டார், வடிகட்டி எல்லாம் உள்ளேயே பொருத்தியிருந்தது.

நண்டு பெரிய தொட்டியிடம், "உன்னிடம் என்ன இல்லை?" என்று கேட்டது.

"இல்லாதது என்று ஒன்றுமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வரலாம்."

சின்னதிடமும் அதையே கேட்டது. அது கொஞ்சம் யோசித்தது.

"எனக்குக் கை இல்லை. தண்ணீர் வற்றினால் உப்பு ஏறிவிடும். தினமும் யாராவது நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும்."

நண்டு மீனிடம் திரும்பி, "சின்னதுக்கே போ" என்றது.

மீன் தயங்கியது. "தன் குறையைத் தானே சொல்கிறதே அண்ணே, பயமாக இருக்கிறது. உங்களுக்கென்ன, நீங்கள் இங்கேயே இருக்கப்போகிறீர்கள்."

மீனைச் சின்னத் தொட்டிக்கு மாற்றக் கடைக்காரர் வலையை இறக்கியதும், நண்டு தன் சங்கையும் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வலையில் ஏறியது. பிறகு மீனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது.