உடையும் எடை

இன்னும் ஒரு புத்தகம் வைத்தான்.

உடையவில்லை.

மேஜையின் மேல் நான்கு பாதி முட்டையோடுகள், கவிழ்த்து வைத்த சின்னக் கிண்ணங்கள் மாதிரி. அவற்றின் மேல் ஒரு பலகை. பலகையின் மேல் முப்பத்தெட்டு கிலோ புத்தகம்.

ஒரு கீறல்கூட இல்லை.

இதே கடை முட்டைகள் இதுவரை எதற்கெல்லாம் உடைந்திருக்கின்றன என்று யோசித்தான். டவுன் பஸ் வேகத்தடையில் ஏறியதற்கு ஒரு டஜன். கைடு சார் இரண்டு விரலால் தூக்கி, “இதாப்பா ப்ராஜெக்ட்?” என்று கேட்டதற்கு ஒன்று. பக்கத்து அறைக்காரன் தும்மியதற்கு இரண்டு.

அப்போதெல்லாம் உடையக் கூடாது. உடைந்தன.

இன்று உடைய வேண்டும்.

எதிரே எக்ஸ்டர்னல் மேடம். வேறு கல்லூரியிலிருந்து தேர்வு நடத்த வந்தவர். அவனை ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பியவர். இது மூன்றாவது. இன்றும் போனால் டிகிரி அடுத்த வருடம். கிடைத்திருக்கும் ஓசூர் வேலை வேறு யாருக்கோ.

முட்டையோடு எவ்வளவு எடை தாங்கும் என்பதுதான் ப்ராஜெக்ட். அறிக்கையில் ஒரே ஒரு கட்டம் காலி. உடையும் எடை.

“இது நிரம்பாம கையெழுத்து கிடையாது.”

காலை பத்து மணிக்குச் சொன்னார். அதோடு சரி. மேஜையில் கவிழ்த்து வைத்த போன் நடுங்கும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பார். மறுபடி கவிழ்ப்பார். எழுதுவார்.

இதற்கென்றே ஆய்வகத்தில் ஓர் இயந்திரம் உண்டு. எதை வைத்தாலும் நசுக்கி, எண்ணைச் சொல்லிவிடும். மூன்று வருடமாகப் பழுது. ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு மட்டும் நல்ல நிலையில் இருந்தது.

எனவே புத்தகம்.

சேர்ந்து ப்ராஜெக்ட் செய்யும் இசக்கிராஜா ஒவ்வொன்றையும் மெஸ் தராசில் நிறுத்துக் கொண்டுவந்தான். நான்கு வருடத்தில் தொடாத பாடங்களையெல்லாம் இருவரும் ஒரே நாளில் தூக்கிவிட்டார்கள். நூலகம் தீர்ந்தபின் முதல்வர் அறைக் கோப்புகள் வந்தன. தரமதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டுவதற்காகக் கட்டி வைத்தவை. கல்லூரியிலேயே கனமானவை. கனமெல்லாம் அட்டைதான்.

முப்பத்தொன்பது.

நாற்பது.

இசக்கிராஜா குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தான்.

“ஏலேய், இது கோழி போட்டதா, கொத்தனார் பூசுனதாடே?”

அவன் இரண்டு கைகளையும் கோப்பின் மேல் வைத்து மெல்ல அழுத்தினான்.

“கை கணக்குல வராது,” என்றார் மேடம், நிமிராமலே.

கைகளை எடுத்துக்கொண்டான்.

மணி இரண்டே முக்கால். புதன்கிழமை. மெஸ்ஸில் முட்டைக் குழம்பு போட்டு, தீர்ந்து, பாத்திரமும் கழுவியிருப்பார்கள்.

மேடமும் சாப்பிடப் போகவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கல்லூரி கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. எண்ணெய் காகிதத்தைத் தாண்டி மேஜைக்கு வந்துவிட்டது. ஒரு பத்து நிமிடம் எழுந்து போனால் போதும். பலகையைத் தூக்கி, ஓட்டை விரலால் ஒரு தட்டு. கட்டத்தில் ஓர் எண். முடிந்தது கதை.

நாற்பத்தொன்று.

உடையவில்லை.

பல்லைக் கடித்தான். பிறகு, வைவாவுக்கென்று பழகி வைத்திருந்த அத்தனை பணிவையும் குரலில் ஏற்றினான்.

“மேடம்... நீங்க இன்னும் சாப்பிடலையே?”

பேனா நின்றது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்ப மாட்டவில்லை.

கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினார். கைக்குட்டை மேலேயே இருந்தது. முகத்தைப் பைக்குள் கவிழ்த்து, தேடிக்கொண்டே இருந்தார்.

பையின் வாரில் கட்டியிருந்த மஞ்சள் அட்டை புரண்டது. காலையிலிருந்து அதைத் தேர்வுப் பணி அட்டை என்று நினைத்து முறைத்துக்கொண்டிருந்தான்.

ஓர் ஆஸ்பத்திரியின் பெயர். கீழே, தீவிர சிகிச்சைப் பிரிவு. அதற்கும் கீழே, நோயாளியுடன் இருப்பவர்.

“முகம் கழுவிட்டு வந்துர்றேன்,” என்றார்.

போனையும் எடுத்துக்கொண்டு போனார்.

பக்கத்து அறையில் குழாய் திறக்கும் சத்தம்.

இசக்கிராஜா வாசலை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

“போயாச்சுலே. தட்டு.”

அவன் பலகையைப் பார்த்தான். நாற்பத்தொரு கிலோ. அடியில் நான்கு ஓடுகள், வெள்ளையாக, ஒன்றுமே நடக்காதது மாதிரி.

“லேய், தட்டுங்கேன்ல!”

பேனாவை எடுத்தான். காலிக் கட்டத்தில் எழுதினான். 41 கிலோ வரை உடையவில்லை.

“கையெழுத்துப் போட மாட்டாங்கடே. கூறு கெட்டவனே, ஓசூரு போச்சு.”

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் யாரும் முகம் கழுவ மாட்டார்கள்.

அவன் உதட்டில் விரல் வைத்து இசக்கிராஜாவை அடக்கினான்.

மேலே இருந்த கோப்பை இரண்டு கையாலும் எடுத்தான். தரையில், சத்தம் வராமல் வைத்தான்.

பிறகு அடுத்தது.