ஞாயிற்றுக்கிழமைத் தொட்டி

பக்கத்து வீட்டுக் கிளெமின் குப்பைத்தொட்டி அன்றைக்கும் டெஸ்மண்டின் கார் போகிற வழியில் குறுக்கே நின்றது.

"ஆரம்பிச்சுட்டார்யா கிழவர்," என்று டெஸ்மண்ட் பிரேக்கை மிதித்தார்.

பக்கத்து இருக்கையில் அவர் மனைவி கோரலி. அவளுக்குக் கண் தெரியாமல் போய் எட்டு வருஷம் ஆகிறது. கார் நின்றதும் முகத்தை மட்டும் அடுத்த வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

ஹோபார்ட் நகரில் அந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி வருவது வியாழக்கிழமை. புதன் சாயங்காலம் தொட்டியை வெளியே வைத்து, வியாழன் மத்தியானத்துக்குள் உள்ளே இழுத்துவிட வேண்டும். ஒரு நாள் பிசகினாலும் தெருவே ஒரு மாதிரிப் பார்க்கும். கிளெம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வைக்கிறார். அதுவும் அடுத்தவர் வாசலில்.

டெஸ்மண்ட் இறங்கினார். வேலி ஓரமாக கிளெம் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார்.

"என்னய்யா கிளெம், இன்னைக்கும் காத்துதான் தள்ளிச்சா?"

"காத்து போன வாரம். இன்னைக்குக் கங்காரு."

"கங்காருவா?"

"ரெண்டு கையாலயும் பிடிச்சு அழகா உருட்டிட்டு வந்துது. அதுக்கு என்ன அவசரமோ, நான் ஏன் தடுக்கணும்?"

டெஸ்மண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டியை உருட்டித் தள்ளினார். இறங்கியதுதான் இறங்கினோம் என்று, கார் கூரை மேல் இருந்த சைக்கிளையும் அங்கேயே அவிழ்த்தார்.

எட்டடி நீளம், இரண்டு இருக்கை. முன்னால் அவர் மிதிப்பார், பின்னால் கோரலி மிதிப்பாள். அவள் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தது. கண் போன பிறகு காற்று முகத்தில் அடிக்க அவள் போகிற ஒரே இடம் அந்தப் பின் இருக்கைதான்.

கேட்காமலே கிளெம் வந்து சைக்கிளின் பின்பக்கத்தைத் தாங்கினார்.

"குறுக்கே வைக்கவும் தெரியுது, கூட நின்னு தூக்கவும் தெரியுது," என்று டெஸ்மண்ட் முணுமுணுத்தார்.

கராஜ் கதவு ஏற்கெனவே மேலே சுருண்டுகொண்டு, வாயைப் பிளந்து காத்திருந்தது.

அடுத்த ஞாயிறு. ஆற்றங்கரைக் கார் நிறுத்தத்தில், சைக்கிளைக் கூரையில் கட்டத் தெரியாமல் திண்டாடிய ஒரு புது ஜோடி டெஸ்மண்டிடம் மாட்டிக்கொண்டது. இந்த விஷயத்தில் சைக்கிள் கிளப்புக்கே அவர்தான் வாத்தியார்.

"முன்சக்கரத்தைக் கழட்டி உள்ளே போடுங்க. பையையும் எடுத்துடுங்க, இல்லேன்னா காத்துல பிச்சுக்கிட்டுப் போகும். பட்டையை நல்லா இறுக்குங்க. பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஒரு தடவை ஆட்டிப் பாருங்க. பதினஞ்சு வருஷமா ஏத்தறேன், ஒரு கீறல் விழுந்ததில்லை."

"இவ்வளவு உசரத்துல இருக்கறதை மறந்துட்டு எங்கயாவது முட்டிட்டா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தலைக்கு மேல சைக்கிள் இருக்கறதை மறக்கறவன், அதை ஓட்டவே கூடாதும்மா."

கோரலி லேசாக இருமினாள்.

நாலு மணிக்கு வீட்டுத் தெரு வளைவு. சிவப்புத் தபால் பெட்டி தெரிந்ததும் டெஸ்மண்டின் கை பழக்கத்தில் ரிமோட்டை அழுத்தியது. டிக்.

வழி காலியாகக் கிடந்தது. டெஸ்மண்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நேத்து கிழவருக்கு ஒரு வைத்தியம் பண்ணினேன், கோரலி. கவுன்சிலுக்கு எழுதின புகாரை வேலி ஓரமா நின்னு அவருக்கே வாசிச்சுக் காட்டினேன். இன்னொரு தடவை தொட்டியைப் பார்த்தா தபால்ல போட்டுடுவேன்னேன். ஆளையும் காணோம், தொட்டியையும் காணோம்."

கார் வாசலுக்குள் திரும்பியது.

"தொட்டி இல்லையா?"

"இல்லைங்கறேன்."

"டெஸ், நிறுத்து."

நாற்பது வருஷத்தில் அப்படி ஒரு குரலை அவளிடம் அவர் கேட்டதில்லை. கால் தானாகப் போய் பிரேக்கில் விழுந்தது. தலைக்கு மேலே நறுக்கென்று ஒரு சத்தம். சைக்கிளின் பிரேக் பிடி ஒன்று ஒடிந்து, கண்ணாடியில் சறுக்கி, கார் மூக்கின் மேல் வந்து கிடந்தது.

டெஸ்மண்ட் இறங்கினார். சைக்கிளின் கைப்பிடி கராஜ் உத்திரத்தில் முட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் கைப்பிடி, இருக்கை, கார் கூரை எல்லாம் ஒன்றாகப் பெயர்ந்திருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் கிளெம், முகம் வெளுத்து, தன் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு... உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று டெஸ்மண்ட் கோரலியிடம் கேட்டார்.

"வளைவுல ரிமோட் டிக்னு கேட்டுது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேக்கும். வெளியிலயே சைக்கிளை இறக்கப் போறவன் எதுக்கு டெஸ் அங்கேருந்தே கராஜ் கதவைத் திறக்கறான்?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"மொத தடவை சொன்னேன். 'கண்ணு தெரியாத நீ எனக்கு வழி சொல்றியா'ன்னு கேட்டே. உனக்கு ஞாபகம் இருக்காது."

டெஸ்மண்ட் ஒடிந்த பிடியைக் கையில் எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அதான் பக்கத்து வீட்டுக்குப் போய், ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு உன் வழியில எதையாவது குறுக்கே வைங்கன்னு கிளெம்கிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன்."