பேரி மரத்தடியில் லெப்ட் ரைட்

“லெப்ட்... ரைட்... லெப்ட்... கையை வீசுடா முனியசாமி!”

சுசீலா டீச்சர் இப்படி அதட்டி எஸ்டேட்டில் யாரும் கேட்டதில்லை. பூ பொறுக்குவது, மண்புழுவைத் தொட்டுப் பார்ப்பது, இலையை ஊதிப் பறக்கவிடுவது, இதுதான் இத்தனை நாளும் அவளுடைய பால்வாடியில் படிப்பு. இன்றைக்கு என்னடாவென்றால், மூக்கு ஒழுக ஒழுக அந்தச் சுண்டைக்காய்ப் பட்டாளம் பேரி மரத்தைச் சுற்றிச் சுற்றி நடை போட்டது. பாவம், மூன்று வயதுக் கால்கள்!

மரம் முழுக்க வெள்ளைப் பூ. தாழ்ந்த கிளையில் ஒரு கொண்டைக்குருவிக் கூடு. முட்டையாக இருந்த நாளிலிருந்து குழந்தைகள் எட்டி எட்டிப் பார்த்த கூடு அது. இப்போது அதில் இறகு முளைக்காத குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

எஸ்டேட்டில் மரம் கழிக்கும் இசக்கிமுத்து வெட்டுக்கத்தியோடு வந்து நின்றான்.

“தள்ளுங்க டீச்சர். கிளையைப் பூராவும் கழிக்கணும். நாளைக்கு எங்களை எமரால்டு ஊர்ப்பக்கம் வேலைக்கு அனுப்பிருவாங்க. இன்னைக்கு விட்டா மழைக்கப்புறந்தான்.”

“புள்ளைக நடந்துக்கிட்டிருக்குது. மேல விழுந்தா நீங்க பதில் சொல்வீங்களா?”

அவன் எப்படிச் சொல்வான்? தலையைச் சொறிந்துகொண்டே போனவன், மேனேஜர் ஆறுச்சாமியைக் கையோடு கூட்டி வந்தான்.

ஆறுச்சாமி கோயமுத்தூர்க்காரர். எவ்வளவு கோபம் வந்தாலும் வாயிலிருந்து ‘ங்க’ மட்டும் போகாது.

“ஏனுங்க டீச்சர், கிளை பால்வாடிக் கூரைத் தகரத்துல வந்து இடிக்குதுங்க. ஒரு குருவிக்காக என்ற பேச்சை மீறுவீங்களா?”

சுசீலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “லெப்ட்... ரைட்...”

“குருவி பாக்கறதெல்லாம் ஒரு படிப்பாங்க? புள்ளைகளை உள்ள கூட்டிட்டுப் போங்க!”

“முடியாதுங்க.”

“வேலை போயிருமுங்க!”

“போனாப் போகுதுங்க. இதுக கண்ணு முன்னாடி கூட்டை வெட்டிப் போட்டுட்டு, நாளைக்கு இதுகளுக்கு நான் என்னத்தைங்க சொல்லிக் குடுக்கறது?”

ஆறுச்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குள் கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடைகளோடு வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். அத்தனை பேர் முன்னால் ஒரு பால்வாடி டீச்சரிடம் தோற்றுப்போவதா?

“சனிக்கிழமை ஆபீசுல நான் உத்தரவு போட்டப்ப, பூம்பூம் மாடாட்டம் தலையாட்டுனீங்களே! நான் என்ன சொன்னேன்? எல்லாரும் கேக்கச் சொல்லுங்க பாக்கலாம்!”

சுசீலா நிதானமாகத் திரும்பினாள்.

“‘திங்கக்கிழமை பால்வாடியில கவாத்து நடக்கோணும்’னீங்க. மரத்துக்குன்னு சொல்லலீங்களே! புள்ளைகளுக்கு நடக்குதுங்க, லெப்ட் ரைட் கவாத்து!”