முதல் தடம்

துகள்களைப் பிடிக்கும் கருவியில் உயர் மின்னழுத்தம் ஏற்றுவதற்கு முன், அதன் மின்புலத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது பூங்கோதையின் வேலை. மின்முனையின் ஓரத்தில் ஓரிடம், மின்புலம் அளவுக்கு மீறியதைக் காட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

"சார், அங்க தீப்பொறி அடிக்கும். வேற முனை செய்யச் சொல்லிடலாம்."

ஓய்வுபெறவிருந்த ஆய்வுக்குழுத் தலைவர் கோமதிநாயகம் சிரித்தார். "ஒரே ஒரு துகளோட தடத்தப் பாத்துட்டுப் போலாம்னு நெனச்சேன். சரிம்மா, நீ சொன்னா நிறுத்திடுவோம்."

புது முனை வருவதற்குள் அவர் இறந்துபோனார். பிறகு பூங்கோதை இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டபோது அந்தச் சிவப்பு வரவில்லை. முதல் கணக்கில்தான் பிழை. பழைய முனையையே பொருத்தி மின்னழுத்தம் ஏற்றினார்கள். ஒரு பொறிகூட எழவில்லை. திரையில் மெல்லிய கோடாக முதல் தடம் விழுந்தது.

பார்க்க வந்திருந்த கோமதிநாயகத்தின் மனைவி அந்தக் கோட்டைத் தொட்டார். "இதுக்குத்தான் அப்படித் தவிச்சாரா? அவர் இருக்கும்போதே வந்திருக்கக் கூடாதா?"

"அப்பவே வந்திருக்கும், அம்மா. நான்தான் தப்பாக் கணக்குப் போட்டு நிறுத்தச் சொன்னேன்," என்றாள் பூங்கோதை.

அந்த அம்மாள் திரையிலிருந்து கையை எடுக்கவில்லை.